சத்திரக்காரர் இடம் கொடுத்த கிறிஸ்துமஸ்

துண்டுக்கு அடியில் ஒரு கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. காய்த்துப்போன உள்ளங்கை. தலைக்கு மேலே பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் என்னுடைய மயிலைக் காளை வைக்கோலை மென்றுகொண்டு நின்றது. எதிரே மண்தரையிலும் பெஞ்சிலுமாக ஊர் ஜனம் மொத்தமும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கை பிடித்திருக்கக் கூடாது. உதறியிருக்க வேண்டும். உதறினால்தான் கதை மேலே போகும். அது உதறவில்லை. அதனால் ஏசுநாதர் இனி எங்கே பிறப்பது என்று தெரியாமல் நான் மேடையில் முழித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட கதையைப் படித்துவிட்டு, “எல்லாவற்றையும் நீங்களே செய்ததாக எழுதுகிறீர்களே” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செய்ததைத்தானே எழுத முடியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு லாரி ஓடுகிறது, அரிசி ஆலை ஓடுகிறது, வேலந்தாவளம் பக்கம் யாரைக் கேட்டாலும் என் கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லுவார்கள். அதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனா வந்து செய்து கொடுத்தான்?

இந்த வாரம் சொல்லப்போவதும் நான் செய்ததுதான். கொஞ்சம் பிலோமினாவும் செய்தாள். அதை மறைக்க மாட்டேன்.

துண்டு பேசும் பாஷை

எழுபதுகளில் நான் மாட்டுத் தரகன். எங்கள் வேலந்தாவளம் சந்தை எல்லைச் சந்தை. இந்தப் பக்கம் பாலக்காடு, அந்தப் பக்கம் கோயம்புத்தூர். மாட்டுக்கு எல்லை ஏது? இரண்டு பக்கத்து மாடும் வரும், இரண்டு பக்கத்து ஆளும் வருவான்.

சந்தையில் விலையை வாயால் சொல்லக் கூடாது. வாங்குகிறவர் கைமேல் தரகன் ஒரு துண்டைப் போடுவான். அதற்கு அடியில் விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. பிடிக்கவில்லையென்றால் உதறிவிடலாம். உதறினால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து இறுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மாடு அங்கேயே செத்து விழுந்தாலும் பேச்சு மாறக் கூடாது.

மாற்றிப் பேசின தரகனுக்கு அடுத்த வாரம் சந்தையில் டீ கூடக் கிடைக்காது. நான் ஒரு தடவையும் மாற்றிப் பேசியதில்லை. எத்தனையோ வாரம் நான் நின்ற இடத்தில் மட்டும் கூட்டம் இருக்கும், மற்ற தரகர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு கதை

எங்கள் ஊருக்கு வெளியே, பனைமரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. தமிழ் பேசுகிற சம்சாரிக் குடும்பங்கள் கொஞ்சம், அவர்களுக்கு ஒரு மலையாளத்துப் பாதிரியார், அச்சன் என்போம். நான் பழனி முருகனுக்கு முடி கொடுக்கிறவன். ஆனாலும் அச்சனுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். கோயில் பசு மூன்று நாள் புல் தின்னாமல் நின்றபோது அதன் வாய்க்குள் கையை விட்டு முள்ளை எடுத்தவன் நான்.

அந்த அச்சனுக்குக் கதாப்பிரசங்கம் என்றால் உயிர். அந்தக் காலத்தில் மலையாளத்தில் அதற்கு அப்படி ஒரு மவுசு. ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்லுவார், இடையில் பாட்டு வரும், பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் இருக்கும். அதே மாதிரி கிறிஸ்துமஸ் கதையைத் தமிழில் போட வேண்டும், அதுவும் பெரியவர்களுக்குப் போட வேண்டும் என்று அச்சன் முடிவு செய்தார்.

காரணம் இருந்தது. வருஷா வருஷம் பிள்ளைகள்தான் நாடகம் போடும். பெரியவர்கள் தங்கள் பிள்ளை இறக்கை கட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் நிற்பார்கள். பிள்ளை உள்ளே போனதும் ஆண்கள் கள்ளுக்கடைக்கும் பெண்கள் அடுப்புக்கும் போய்விடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கில் கடை மூடியிருந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கடையில் அந்த ஜனமும் சேர்ந்து நிற்கும். திருவிழாக் கூட்டம் அங்கேதான்.

“பிள்ளேருக்குக் கதை அறியும் கந்தசாமி,” என்றார் அச்சன், அவருடைய பாதித் தமிழில். “மறந்து போனது பெரியவங்களுக்கு.”

என்னிடம் அவர் கேட்டது ஒரு காளை. பொம்மை மாடு வேண்டாமாம், உயிருள்ள மாடு மேடையில் நிற்க வேண்டுமாம். சண்டை போடாத, கூட்டத்தைக் கண்டு மிரளாத, பார்வைக்கு லட்சணமான மாடு. அப்படி ஒன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பாட்டுக்குப் பிலோமினா. நான் பெரியப்பா என்று கூப்பிடும் சவரிமுத்துவின் ஒரே மகள். நிலக்கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டே பாடுவாள். டிசம்பர் மாசம் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்றுக்கு எங்கள் ஊரில் ஓலைக் கூரையே நிற்காது. அந்தக் காற்றிலும் அவள் குரல் நான்கு காடு தள்ளிக் கேட்கும். பெரியப்பாவுக்கு நான்தான் உழவு மாடு வாங்கிக் கொடுத்தவன் என்பதால் அவள் என்னை அண்ணா என்பாள்.

கதை சொல்லப் பாலக்காட்டு டவுனிலிருந்து ஒரு பாகவதர் வருவதாக ஏற்பாடு.

மலையிலிருந்து வந்தவர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நிகழ்ச்சி. மத்தியானம் காளையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் தண்ணீர் காட்டப் பெரியப்பா வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே விருந்தாளி.

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. மிக்கேல் என்று பேர். கொழுந்து பறிக்கிற ஆட்களை மேய்க்கிறவர் என்பதால் சும்மா பேசினாலும் அதட்டுகிற மாதிரியே இருக்கும். கூட அவர் மகன் அருள்ராஜ், தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பிலோமினா பாடியதைக் கேட்டுவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னவர்கள், லீவு முன்னதாகக் கிடைத்ததென்று ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள்.

கங்காணிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. வீட்டைப் பிடித்திருந்தது. கடலை உருண்டையை மூன்றாவது தடவை எடுத்தார். அப்போது பார்த்து வாசலில் நின்ற என்னைக் கேட்டார்.

“என்னவே, மாட்டுக்கு இம்புட்டு அலங்காரம்? பொங்கலுக்குத்தான் நாள் கிடக்கே.”

“மேடைக்குப் போறதுங்க. நம்ம அம்மிணி பாடுது இல்லீங்க, அதுக்குப் பக்கத்துல நிக்கோணும்.”

கங்காணியின் கையிலிருந்த கடலை உருண்டை அப்படியே நின்றது.

“கோயில்ல கூட்டத்தோட பாடுதது வேற,” என்றார் பெரியப்பாவைப் பார்த்து. “மேடை வேற. எங்க குடும்பத்துல மேடை ஏறினவுக ஒருத்தரும் கிடையாது. ஏறவும் மாட்டாவ. இன்னைக்கு உம்ம மக ஏறுனா நாங்க ராவோட ராவா மலைக்குத் திரும்பிருதோம்.”

அருள்ராஜ் தரையைப் பார்த்தான். பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான திட்டு இருந்தது.

அடுப்படியிலிருந்து பிலோமினா வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை. “பாடற பொண்ணு வேணும்னுதானுங்கப்பா தேடி வந்தாங்க. வந்தப்புறம் பாடாதேன்னா எப்படிங்க? இன்னைக்கு ஏறாம நின்னுட்டேன்னா அப்புறம் சாகற வரைக்கும் ஏத்த மாட்டாங்க.”

அவளுக்கு அந்தப் பையனையும் பிடித்திருந்தது. அதுதான் வம்பு. பிடிக்காவிட்டால் போங்கய்யா என்று சொல்லிவிட்டுப் பாடப் போயிருப்பாள்.

வாளையாரில் நின்றவர்

கோயிலுக்குப் போனால் அங்கே வேறு இடி. பாகவதரைக் காணோம். டவுனில் வேலையை முடித்துவிட்டுக் கச்சேரி சாமான்களோடு ஒரு சிமென்ட் லாரியில் ஏறினவர், வாளையார் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டார். பண்டிகைக்கு முந்தின கூட்டம். லாரிகள் பாம்பு மாதிரி நிற்கின்றன, எப்போது விடுவார்களோ தெரியாது என்று சைக்கிளில் வந்த ஆள் சொன்னான்.

பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டார். “ஆண்டவரே வழி காட்டிட்டாருங்க அச்சன். நிறுத்திப்போடலாம்.”

அச்சன் ஓலைப் பந்தலைப் பார்த்தார். காற்றில் பாதி கிழிந்த காகித நட்சத்திரங்கள். ஜனம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. ஆண்களும் வந்திருந்தார்கள். கள்ளுக்கடைக்காரரே துண்டை உதறிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பிலோமினா என் பக்கத்தில் வந்து நின்றாள். “அண்ணா, நீங்க சொல்லுங்க கதைய.”

“எனக்கு உங்க சாமி கதை தெரியாதே அம்மிணி.”

“நான் சொல்லித் தர்றேன். ஒரு தடவை கேட்டாப் போதும் உங்களுக்கு.”

அது உண்மை. எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும். படிப்பு ஏறாத தலையில் மற்றதெல்லாம் ஏறும்.

கோயில் சுவரோரம் நின்று சொல்லிக் கொடுத்தாள். பேர் பதியச் சொந்த ஊருக்கு வந்தார்கள் சூசையப்பரும் மாதாவும். மாதா நிறைமாசம். சத்திரத்தில் இடமில்லை. மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பிறந்தது. இடையர்கள் வந்தார்கள், ராஜாக்கள் வந்தார்கள்.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதானுங்கண்ணா.”

“இதுக்கா பாகவதர் ரெண்டு மணி நேரம் கேட்டாரு? கோழிக் குஞ்சு விக்கறவனே இதவிட நீளமாப் பேசுவானே.”

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். மகள் மேடையில் ஏறுவதையும் பார்க்க முடியாது, சம்பந்தி முகத்தையும் பார்க்க முடியாது. அதற்குத் தோதான மரம் அது.

பெண் மேடை ஏறுகிறாளா என்று பார்க்க மகனோடு பின்னாலேயே வந்த கங்காணியை அச்சன் மரியாதைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். எழுந்து போகவும் முடியாமல் அவர் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.

பூரான் தகராறு

மைக் கிடையாது. என் தொண்டைக்கு மைக் எதற்கு. தையல்கார அந்தோணி ஆர்மோனியத்தில் கை வைத்தார். பிலோமினா பாயில் உட்கார்ந்து எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனாள்.

*ஊரு விட்டு ஊரு வந்தோம் – எங்க*
*ஓலப் பாயும் சொமந்து வந்தோம்*
*பேரு பதிய வந்த எடத்துல – ஒரு*
*பேறு காலம் பாக்க வந்தோம்*

அவளே கட்டின பாட்டு. கள்ளுக்கடைக்காரர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

நான் எழுந்து கதையைத் தொடங்கினேன். தொடங்கினதும் ஒரு தப்புச் செய்தேன். மாட்டுத் தரகன் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்வான். மாதாவையும் சூசையப்பரையும் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கொட்டகையில் நின்ற மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். சந்தையில் முதலில் மாட்டைத்தான் காட்டுவோம்.

“அந்தக் கொட்டாய்ல நின்ன காளை சாதாரணக் காளை இல்லீங்க. ஆறு பல்லு. கொம்பு ரெண்டும் சோடி சேர்ந்தாப்பல. முதுகுல ஏறுபூரான் சுழி. அந்தச் சுழி இருக்கற ஊட்டுல ராசா பொறப்பானுங்க.”

முதுகில் மயிர் சுழித்து மேலே ஏறினால் ஏறுபூரான், யோகம். கீழே இறங்கினால் இறங்குபூரான், யாரும் வாங்க மாட்டார்கள். இது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்தார். “கந்தா, இங்கிருந்து பாத்தா எறங்குபூரானாட்டந்தான் தெரியுது.”

“உங்களுக்கு அங்கிருந்து பாத்தா என்ற மூஞ்சியே எறங்குபூரானாட்டந்தாங்க தெரியும். பக்கத்துல வந்து பாருங்க.”

வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மேடையே சந்தையாகிவிட்டது. ஒருத்தர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். அச்சன் கையைப் பிசைந்தார். “கந்தசாமி, மாதாவு எவிடே?” என்று கேட்டார், மாதா எங்கே என்று.

“வந்துட்டே இருக்காங்க அச்சன், கழுதை மெதுவாத்தான் நடக்கும்,” என்றேன். ஜனம் சிரித்தது. ஒருத்தரும் எழுந்து கள்ளுக்கடைக்குப் போகவில்லை. அதற்கு முந்தின வருஷமெல்லாம் இந்நேரம் பந்தல் காலியாகியிருக்கும்.

தாளம் போட்ட கால்

பிலோமினா அடுத்த பாட்டைப் பாடினாள். கழுதை நடக்கிற தாளத்தில் ஒரு பாட்டு. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கூட்டத்தைப் பார்த்தேன்.

மாடு வாங்க வந்தவனையும் வேடிக்கை பார்க்க வந்தவனையும் பிரிப்பது எனக்கு எளிது. முகத்தைப் பார்க்கவே மாட்டேன். முகம் பொய் சொல்லும், காலைப் பார்ப்பேன். வாங்க வந்தவன் கால் மாட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

கங்காணியின் முகம் கடுகடுவென்று இருந்தது. நாற்காலிக்கு அடியில் அவருடைய வலது கால் மட்டும் பிலோமினாவின் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். சத்திரத்துக் காட்சி வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன்.

“சூசையப்பரு ஊரெல்லாம் எடம் கேட்டுப் பாத்தாருங்க. கடைசியா ஒரு பெரிய சத்திரம். வாசல்ல மொதலாளி, சால்வ போத்திக்கிட்டு, நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு.”

சொல்லிக்கொண்டே இறங்கி நேராகக் கங்காணிக்கு முன்னால் போய் நின்று துண்டை நீட்டினேன். அவர் சின்ன வயசில் தெற்கத்திச் சந்தைகளுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் துண்டை நீட்டினால் எந்த மாட்டுக்காரன் கையும் தானாக நீளும். நீண்டது. துண்டைப் போட்டு மூடினேன். விரலைப் பிடித்தபடியே பின்பக்கமாக நடந்தேன். அவரும் எழுந்து கூடவே வந்தார். இரண்டு படி ஏறினதும், விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அதற்குள் நான் சூசையப்பராகிவிட்டேன். “ஐயா, கழுத மேல பிள்ளைத்தாச்சி. நெறமாசம். காத்து இந்த அடி அடிக்குது. ஒரு ரூம் இருந்தாக் குடுங்க. ரூம் இல்லாட்டி ஒரு மூலை போதும்.”

துண்டுக்கு அடியில் அவர் கை உதறும், நானும் தலையில் அடித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போகலாம் என்று காத்திருந்தேன்.

உதறவில்லை. உள்ளங்கை என் உள்ளங்கையோடு சேர்ந்து இறுகியது.

பிள்ளைத்தாச்சி சொன்ன பதில்

“அண்ணாச்சி, இல்லைன்னு சொல்லுங்க,” என்றேன் வாய்க்குள்.

“எப்படிவே சொல்ல?” அவருக்கு வாய்க்குள் பேசத் தெரியாது. மலைச் சரிவில் ஆள் கூப்பிட்டுப் பழகின தொண்டை. பந்தல் முழுக்கக் கேட்டது. “இந்தா நிக்கானே எம் மவன், இவன் எங்க பொறந்தான்னு தெரியுமா? மொத மொத மலை ஏறுனப்போ ஒரு தோட்டத்துல எங்களுக்குக் குடியிருக்க லயன் வீடு இல்லன்னுட்டாவ. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில, மழையில, சாக்க விரிச்சுப் பெத்தா எம் பொஞ்சாதி. அந்தச் சொல்ல நான் சொல்லணுமாக்கும். எடம் உண்டுவே. உள்ள கூட்டிட்டு வாரும்.”

காற்றில் காகித நட்சத்திரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அச்சன் எழுந்துவிட்டார். “அப்போ புல்கூடு எந்தினா?” என்றார் பாவம், பார்த்துப் பார்த்துக் கட்டிய வைக்கோல் குடிலைக் காட்டி. சத்திரத்தில் இடம் கிடைத்துவிட்டால் அந்தக் குடில் எதற்கு?

சந்தையில் வாய்ப்பேச்சு கணக்கில்லை, அவர் கை உதறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். துண்டுக்கு அடியில் நடந்தது யாருக்குத் தெரியும்? ஆனால் நான் தரகன். இறுக்கின கையை உதறினது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது, ஏசுநாதருக்காகக்கூட வராது. “பேரம் முடிஞ்சுதுங்க,” என்று ஜனத்துக்கு அறிவித்துவிட்டேன்.

அப்போதுதான் பிலோமினா பாயிலிருந்து எழுந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, நிறைமாசக்காரி நடக்கிற மாதிரியே நடந்து வந்து கங்காணிக்கு முன்னால் நின்றாள்.

“எடம் குடுத்தீங்க, அது போதுமுங்க. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும். ஆனா உள்ள பூராவும் பேர் பதிய வந்த ஆம்பளைங்க. அத்தன பேருக்கு நடுவுல நான் எப்படிங்க வலி எடுத்துப் படுப்பேன்? அக்கட்ட இருக்கற மாட்டுக் கொட்டாயக் காட்டுங்க. மாட்டு மூச்சு வெதுவெதுன்னு இருக்கும். எனக்கு அதே சௌரியம். நீங்க கொஞ்சம் சுடுதண்ணி மட்டும் வெச்சுக் குடுங்க.”

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. “அதானே,” என்றாள் ஒரு கிழவி. “புள்ளயப் பெத்தவளக் கேட்டாத்தான தெரியும். ஆம்பளைங்க எழுதுனாக்க எடமில்லைனுதான் எழுதுவாங்க.”

அச்சன் மெதுவாக உட்கார்ந்தார். “அது ஞான் ஒரிக்கலும் ஓர்த்தில்லா,” என்றார். இத்தனை வருஷம் பூசை வைத்தும் தனக்கு அது தோன்றவில்லையாம்.

பிலோமினா காளையின் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்து தாலாட்டை எடுத்தாள்.

*மாடு மூச்சு விட்ட சூட்டில் – என்*
*மன்னவனே கண்ணுறங்கு*
*வீடு நூறு இருக்க ஊரில் – நீ*
*வேண்டி வந்தது வைக்கப் புல்லு*

என் காளை அன்றைக்கு என்ன நினைத்ததோ, கழுத்தை நீட்டி அவள் தலைமேல் உஸ்ஸென்று மூச்சு விட்டது. நான் பழக்கினது என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒருத்தர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பெரியப்பாதான்.

மேடையிலேயே நின்றுவிட்டவர்

கங்காணி இறங்கியிருக்கலாம். சத்திரக்காரன் வேலை முடிந்துவிட்டது. இறங்கவில்லை. சுடுதண்ணீர் கேட்டாளே என்று யாரிடமோ செம்பு வாங்கி வந்து வைத்தார். கூட்டத்திலிருந்து சிலர் இடையர்களாக எழுந்து வந்தபோது, “சத்தம் போடாம வாங்கலே, பச்சப்புள்ள தூங்குது,” என்று அதட்டினார். அப்படியே எழுந்து வந்த மூன்று ராஜாக்களையும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். முதல் ராஜா நிஜமாகவே கழற்றிவிட்டு வந்தான்.

எல்லாம் முடிந்து ஜனம் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அருள்ராஜ் மெதுவாக அப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அப்பா, நம்ம குடும்பத்துல மேடை ஏறினவுக யாரும் கிடையாதுன்னு சொன்னீய.”

“நானா ஏறுனேன்? அந்த மனுசன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாருலே.”

“ஏத்துனது அவரு. எறங்காதது நீங்கதான.”

கங்காணி காப்பியை ஊதினார். பிறகு என்னைப் பார்த்து, “தரகரே, அந்தத் துண்ட இங்க தாரும்,” என்றார்.

கொடுத்தேன். அவர் நேராகப் பெரியப்பாவிடம் போனார். பெரியப்பா பயந்துபோய்க் கையைப் பின்னால் மறைத்தார். அதை முன்னால் இழுத்து, மேலே துண்டைப் போட்டார் கங்காணி. விரல் எதுவும் அசைந்த மாதிரி தெரியவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தே உள்ளங்கை இறுகிவிட்டது, சம்பந்தம் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பிலோமினா, “நான் பாடறதையும் சேர்த்துத்தானுங்களே மாமா?” என்று கேட்டாள்.

“பாடாட்டி உன்ன மலைக்கு எதுக்கும்மா கூட்டிட்டுப் போறேன்? கொழுந்து பறிக்க எங்கிட்ட ஆள் கிடக்கு.”

அந்த நேரத்தில்தான் பாகவதர் வந்து சேர்ந்தார், தலையில் சிமென்ட் தூசியும் கக்கத்தில் தபலாவுமாக. எது வரைக்கும் வந்திருக்கிறீர்கள், சத்திரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எல்லோரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சூரியநெல்லியிலிருந்து ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார் கங்காணி. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று வண்டி மாறி மாறிப் போய் இறங்கினேன். பல் கிட்டிக்கிற குளிர். தோட்டத்து ஜனமெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காளைக்குப் பதில் கங்காணி வீட்டுக் கறவைப் பசு. கதை நான்தான். அங்கேயும் நான் வாயைத் திறந்ததிலிருந்து ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பிலோமினா ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். ஏழு மாசம். இந்தத் தடவை அவள் நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

சத்திரக்காரன் வேஷத்தை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று கங்காணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். காட்சி வந்தது. சூசையப்பராக நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் மருமகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான் தோளிலிருந்து துண்டை எடுப்பதற்கு முன்னாலேயே என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார்.